ஃபோனை மட்டும் வீட்டுல வச்சுட்டு வா

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தங்கச்சி. பை பெரிசு. மேல எல்லாம் வைக்க முடியாது, உள்ள முக்கியமான சாமான் இருக்கு, மடியிலயே இருக்கட்டும். நீங்க எதுவரைக்கும், திருநெல்வேலியா? நான் சாத்தூர். என் தம்பி மகனுக்கு இன்னைக்குப் பேரு வைக்கிறாங்க. அத்தைக்காரி நான்தான். நான் போய்த்தான் பிள்ளையைத் தொட்டில்ல போட்டு, காதுல மூணு தடவை பேரைச் சொல்லணும். வெள்ளிக்கிழமை பாருங்க, பத்தரைக்கு ராகு காலம் வந்திரும். அதுக்குள்ள சொல்லிறணும்.

ஒரு நிமிஷம், லேசா அங்கிட்டுச் சாய்ங்க. ம்... ஆச்சு. ஜன்னல் வெளிச்சத்துல தலைப்பூ தெரியுதான்னு ஒரு போட்டோ எடுத்தேன். உங்க தோள் மட்டும் கொஞ்சம் விழுந்திருக்கு, பரவாயில்ல, வெட்டிக்கலாம்.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், என் தம்பி. பொன்ராசு. நீங்களே நியாயம் சொல்லுங்க. அம்மா போனப்ப அவன் சின்னப் பையன். நான்தான் தலை சீவி, சோறு கட்டிக் குடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். அப்படி வளர்த்தவ நான். அவன் முந்தாநாள் கூப்பிட்டுச் சொல்றான், "அக்கா, நீதான் பேரு வைக்கணும், கட்டாயம் வா, ஆனா ஃபோனை மட்டும் வீட்டுல வச்சுட்டு வா"ன்னு. கூடப் பிறந்தவன் பேசுற பேச்சா இது? செருப்பைக் கழட்டிட்டு வான்னு சொன்னாச் சரி, சாமி இருக்கிற வீடு. ஃபோன் என்னங்க பாவம் பண்ணுச்சு?

அப்படிப் பார்க்காதீங்க. வச்சுட்டுத்தான் வந்தேன். சத்தியமா. டிவி மேல வச்சு, ஒரு துண்டைப் போட்டு மூடிட்டு, ஆட்டோவில ஏறிட்டேன். தெருமுனை தாண்டலை, நெஞ்சு படபடன்னு அடிக்குது. கை வெறுங்கையா இருக்கு, எங்க வைக்கிறதுன்னு தெரியலை. ஆட்டோக்காரர் ஏதோ பேசறாரு, என் காதுக்குள்ள அது அடிக்கிற மாதிரியே இருக்கு. அங்க வீட்டுல துண்டுக்கு அடியில கிடக்கிற ஃபோன் எனக்கு இங்க எப்படிங்க அடிக்கும்? ஆனா அடிச்சுச்சு. சரி, இந்தப் படபடப்போட போய் பஸ்ல மயங்கி விழுந்தா, யாரு எவருன்னு எப்படித் தெரியும்? ஒரு பாதுகாப்பு வேணும்ல? ஆட்டோவைத் திருப்பச் சொல்லிட்டேன்.

அவனுக்குத் தெரியாதுங்க. அங்க போனதும் பைக்குள்ள வச்சிருவேன். பிள்ளைக்கு எடுத்த சட்டை, அதுக்குக் கீழ வெத்தலை பாக்கு, அதுக்கும் கீழ பவர் பேங்க். வெளியவே எடுக்க மாட்டேன். எடுத்தாலும் பேரு சொல்றப்ப ஒரே ஒரு தடவை, ஓரமா யார் கையிலயாவது குடுத்து எடுக்கச் சொல்லுவேன். இவ்வளவு பெரிய விசேஷம், நாளைக்கு அந்தப் பிள்ளையே வளர்ந்து, "எங்க அத்தை, காட்டுங்க"ன்னு கேட்டா என்னத்தைக் காட்டுறது?

பேரா? அதைச் சொல்லக் கூடாதுங்க. பிள்ளை காதுல விழுறதுக்கு முன்னாடி வேற யார் காதுலயும் விழக் கூடாதுன்னு எங்க பக்கம் ஒரு வழக்கம். தம்பியும் அவன் பொண்டாட்டி அபிநயாவும் யோசிச்சு வச்ச பேரு. எங்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கான். "அக்கா, யார்கிட்டயும் வாய் திறந்திராத"ன்னு கெஞ்சினான். நான் திறப்பேனா? எங்க வீட்டுக்காரருக்கே சொல்லலை. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன், தப்பா நினைச்சுக்காதீங்க. பஸ் ஏறினதும் ஸ்டேட்டஸ்ல மட்டும்தான் போட்டிருக்கேன்.

அதெல்லாம் அவன் பார்க்க முடியாது. ஒருத்தருக்கு மட்டும் தெரியாம மறைச்சு வைக்கிற வசதி இருக்குல்ல, அதுல அவன் பேரைப் போட்டுட்டுத்தான் மத்தவங்களுக்குப் போட்டேன். எனக்கென்ன விவரம் இல்லையா?

மதுரை மாட்டுத்தாவணியிலயா ஏறினீங்க நீங்க? நானும் அங்கதான். அந்தக் கண்டக்டர் என்ன சொன்னாரு? சாத்தூர் ஊருக்குள்ள போகாது, பைபாஸ்ல இறங்கணும்னா? அதான் எனக்கும் காதுல விழுந்த மாதிரி இருந்துச்சு. கூப்பிடுவாருல்ல, இறங்கிக்கலாம். தம்பி வண்டி எடுத்துட்டு அங்க வந்து நிப்பான்.

ஸ்ஸ்... ஒண்ணுமில்ல, கழுத்து. திரும்பினா இந்தப் பக்கம் சுரீர்னு இழுக்குது. பிசியோதெரபி போறேன். அந்த டாக்டர் சின்னப் பிள்ளை, எடுத்த எடுப்புல கேக்கிறாரு, "ஃபோன் ரொம்ப நேரம் பார்ப்பீங்களாம்மா"ன்னு. "நான் எங்க சார் பார்க்கிறேன், எனக்கு வர்றதை நாலு பேருக்கு அனுப்புறேன், அவ்வளவுதான்"னேன். அவருக்கு என்ன தெரியும்? இது தலகாணிக் கோளாறு. மூணு தலகாணி மாத்திட்டேன். இந்தப் பெருவிரல் வீங்கியிருக்கு பாருங்க, இது தோசைக் கரண்டி பிடிச்சு வந்தது. கண்ணுல தண்ணி வர்றது வெயில்னால. தூக்கம் இல்லாததுக்கு எங்க வீட்டுக்காரர் குறட்டைதான் காரணம். தூக்கம் வராம மனுஷி விட்டத்தையா பார்த்துட்டு இருப்பா? எடுத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். கொஞ்ச நேரம்னா, பால்காரர் மணி அடிக்கிற வரைக்கும்.

ஆனா ஒண்ணு தங்கச்சி, எனக்கு இந்த விஷயத்துல விழிப்புணர்ச்சி உண்டு. போன வாரம் ஒரு வீடியோ வந்துச்சு. ராத்திரியில ஃபோன் பார்த்தா கண்ணு போகும், மூளை காயும், குடும்பம் சிதறும்னு ஒரு டாக்டர் பேசறாரு. பார்த்ததும் எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. அந்நேரமே ஒரு குரூப் விடாம எல்லாத்துக்கும் அனுப்பிட்டேன். ராத்திரி ஒரு மணி. ஒருத்தரும் திறந்துகூடப் பார்க்கலை. விடிய விடிய எடுத்து எடுத்துப் பார்த்தேன், ஒரு ஆள் பார்க்கலை. இந்தக் காலத்துல யாருக்கு உடம்பு மேல அக்கறை இருக்குங்கிறீங்க?

இப்படி யாரும் பார்க்காத அன்னைக்கு எனக்கு ஒரு மாதிரி ஆயிரும். சோறு இறங்காது. எல்லாரும் சேர்ந்து என்னை ஒதுக்குறாங்களோன்னு தோணும். வீட்டுக்காரர் எது கேட்டாலும் வள்ளுனு விழுவேன். அவர் பாவம், இப்ப எதுவும் கேக்கிறதே இல்ல. சாப்பாடு வேணும்னாலும் மெசேஜ்தான் போடுறாரு. அடுத்த ரூம்ல இருந்து. முன்னைக்கு இப்ப வீட்டுல சண்டையே இல்லை.

விருதுநகர் வந்திருச்சா? புரோட்டா வாசனை அடிக்குது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

சரி, அவன் ஏன் அப்படிச் சொன்னான்னு கேக்கிறீங்கல்ல? முகத்துல தெரியுதே. சொல்றேன். அவன் கல்யாணத்துல ஒரு சின்ன விஷயம் நடந்துச்சு. சின்ன விஷயம்தான். அதைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை நாளாப் பேசறான்.

உங்க பக்கம் எப்படியோ, எங்க பக்கம் தாலியில முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவாரு. மத்த ரெண்டும் நாத்தனார் முடிச்சு. கூடப் பிறந்தவதான் போடணும். அதுக்குன்னு பட்டுச்சேலை எடுத்துக் குடுத்துப் பொண்ணுக்குப் பின்னால நிக்க வைப்பாங்க. நானும் நின்னேன். ஆனா எங்க பெரியம்மா மகன் மஸ்கட்ல இருக்கான், பாவம் லீவு கிடைக்கலை. அவன் பார்க்கட்டுமேன்னு லைவ் போட்டேன். பின்னால நின்னா அவனுக்குப் பொண்ணோட கொண்டைதான தெரியும்? அதனால ரெண்டு எட்டு முன்னால வந்தேன். கெட்டி மேளம்னாங்க. எனக்குன்னு பார்த்து அந்நேரம் மங்கலாத் தெரியுது. அதைச் சரி பண்றதுக்குள்ள எங்க சித்தப்பா மக இந்திராணி இருக்காளே, அவ குறுக்க வந்து ரெண்டு முடிச்சையும் போட்டுட்டா.

இதுல என் தப்பு என்ன சொல்லுங்க? அரை நிமிஷம் பொறுத்திருந்தா நான் போட்டிருப்பேன்ல? போட்டோக்காரர் இருந்தாருதான், இல்லைங்கலை. அவர் எடுத்தது ஆல்பமா வர ஆறு மாசம் ஆச்சு. என் வீடியோ அந்நிமிஷமே போயிருச்சு. மஸ்கட்டுக்காரன் பார்க்கலை, அது வேற விஷயம். டியூட்டில இருந்தானாம்.

அன்னைக்குல இருந்து தம்பி முகம் குடுத்துப் பேசலை. நானும் விடலை, தினம் காலையில அவனுக்கு ஒரு பூ போட்ட காலை வணக்கம் அனுப்புவேன். ஒரு நாள் தவறினது கிடையாது. பதிலே வராது. அபிநயா முழுகாம இருக்கிற விஷயமே எனக்கு யாரோ சொல்லித்தான் தெரியும். அப்புறம் ஒரு நாள் காலையில உக்காந்து ஸ்டேட்டஸ் ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், இந்திராணி ஸ்டேட்டஸ்ல வளைகாப்பு. யார் வீட்டு வளைகாப்புன்னு பெரிசாக்கிப் பார்த்தா, என் தம்பி வீடு. அவ கையால வளையல் போடறா. என் தம்பி பக்கத்துல நின்னு சிரிக்கிறான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் தங்கச்சி? அன்னைக்குப் பூராவும் அழுதேன். அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிசாக்கிப் பார்த்துப் பார்த்து அழுதேன். நான் உனக்கு யாருமே இல்லாமப் போயிட்டேனாடான்னு. அழுதுக்கிட்டே அதுக்கு ஒரு இதயமும் போட்டேன். போடலைன்னா அவ நான் பொறாமைப்படறேன்னு நினைப்பா.

அதனாலதான் முந்தாநாள் அவன் "அக்கா"ன்னு கூப்பிட்டதும் எனக்குக் கால் தரையில நிக்கலை. "இந்த ஒரு விசேஷத்தையாவது நீ நீயா வந்து நின்னு செய்யிக்கா. எனக்கு வேற யாரு இருக்கா"ன்னான். அடுத்ததாத்தான் ஃபோன் பேச்சை எடுத்தான். நான் எல்லாத்துக்கும் சரி சரின்னேன், பிள்ளை மேல சத்தியமும் பண்ணினேன். இந்த வாட்டி விட்டேன்னா அவ்வளவுதான். அந்த இந்திராணி அங்க தயாரா நிக்கிறா, எனக்குத் தெரியும்.

நான் சொல்றதை நீங்க நம்பலை. இருங்க, அந்தத் தாலி கட்டுன வீடியோவையே காட்டறேன். நீங்களே பார்த்துட்டு யார் மேல தப்புன்னு சொல்லுங்க. இந்தாங்க, இதை ஒரு காதுல மாட்டிக்கங்க, இன்னொண்ணை நான் மாட்டிக்கிறேன். பஸ் இரைச்சல்ல இல்லைன்னா ஒண்ணும் கேக்காது. அட, மாட்டுங்க, நான் சுத்தமாத்தான் வச்சிருக்கேன்.

ஐயே, இது பாட்டுப் போடாதது. நான் பாட்டுப் போட்டதைத்தான் எல்லாருக்கும் அனுப்பினேன், அதுதான் நல்லாருக்கும். சரி வந்திருச்சு, பாருங்க. அதோ பொண்ணு. அதோ தாலி எடுக்கிறான். நல்லாப் பக்கத்துல வந்து எடுத்திருக்கேன்ல? மேளம் பாருங்க...

ம்? என்ன? ஆமா, அவன் குரல்தான். "அக்கா"ங்கிறான்.

திரும்ப ஒருக்கா வைக்கவா? இருங்க. "அக்கா... வாக்கா..." ஆமா, முதல் முடிச்சைப் போட்டுட்டு, கயித்தை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு, இங்கிட்டுத் திரும்பி என்னையப் பார்க்கிறான். பாட்டு இருந்ததால எனக்கு இது கேட்டதே இல்லை. இது யாரு, "இருடா, அப்படியே பிடி, மங்கலாத் தெரியுது"ங்கிறது? நான்தான். என் குரல்தான். என் குரல் எவ்வளவு கிட்டக் கேக்குது பாருங்க, நல்ல ஃபோன். மறுபடி அக்காங்கிறான். ஐயர் ஏதோ சத்தம் போடறாரு. அதோ, வளையல் கை குறுக்க வருது பாருங்க, அதுதான் இந்திராணி.

அவன் கண்ணு ஏன் அப்படி இருக்கு? புகையா இருக்கும். ஹோமப் புகை.

ச்சே, இது ஒண்ணு. நல்ல இடத்துல மேல வந்து நிக்குது. தள்ளி விட்டுட்டேன், நீங்க பாருங்க. யாரா? தம்பிதான் கூப்பிடறான். எடுக்கிறதா? நல்லாச் சொன்னீங்க! ஃபோன் வீட்டுல இருக்குன்னு நினைச்சிட்டிருக்கான். எடுத்தா மாட்டிக்குவேன்ல? என்னையச் சோதிக்கிறான். வீட்டுல இருக்கிற ஃபோன் எடுக்காது. நான் விவரமாத்தான் இருக்கேன்.

இன்னொரு தடவை முதல்ல இருந்து பார்ப்போமா? அந்த இந்திராணி எப்ப ஏறி வர்றான்னு பாருங்க.

மறுபடியும் கூப்பிடறான். தள்ளு.

என்ன தங்கச்சி? என்னத்தை வெளிய பார்க்கிறீங்க? எந்த போர்டு? கோவில்பட்டியா? கோவில்பட்டின்னு எப்படிப் போட்டிருக்கும், சாத்தூரே இன்னும் வரலையே!

கண்டக்டர்! ஏங்க, கண்டக்டர்! சாத்தூர் பைபாஸ் எங்க? தாண்டிருச்சா? நீங்க கூப்பிடவே இல்லையே! மூணு தடவை கூப்பிட்டீங்களா? பக்கத்துல வந்து கூப்பிட்டீங்களா? எனக்கு எப்படிங்க கேக்கும், காதுல... சரி நிறுத்துங்க, இறங்கிக்கிறேன். இங்க இறங்கினா எதிர்ப்பக்கம் பஸ் நிக்காதா? கோவில்பட்டி போய்த்தான் திரும்பணுமா? மணி பத்தேகால் ஆச்சுங்க! பிள்ளைக்குப் பேரு வைக்கணும்ங்க நான்!

இவ்வளவு நேரம் அவன் பைபாஸ்ல வண்டியை வச்சுக்கிட்டு நின்னிருப்பான். அதுக்குத்தான் கூப்பிட்டிருக்கான். நின்னு பார்த்துட்டு, பஸ் போறதையும் பார்த்திருப்பான். ஐயோ.

மறுபடி அடிக்குது தங்கச்சி. என்ன பண்ணட்டும்? எடுத்தா, ஃபோன் கொண்டு வந்துட்டேன்னு தெரிஞ்சு போகும். சத்தியம் பண்ணியிருக்கேன், பிள்ளை மேல சத்தியம். எடுக்கலைன்னா பிள்ளை காதுல பேரை இந்திராணி சொல்லிருவா. எடுக்கவா? வேண்டாமா? நின்னிரும் போல இருக்கே... ஐயய்யோ, எதுக்குங்க நீங்க அமுக்கினீங்க!

அலோ. பொன்ராசு. தம்பி, நான் வந்து, ஃபோன் எப்படி என் கையிலன்னா... தெரியுமா? எப்படித் தெரியும்? காலையிலயே தெரியுமா? உனக்குத்தான் மறைச்சேனே... ஓ, அபிநயா. அவளை மறந்துட்டேன். பேரும் பார்த்துட்டாளா. ஊர்ல எல்லாரும் கேக்கிறாங்களா. தம்பி, கோவிச்சுக்காதடா. கோவம் இல்லையா? "நீ கொண்டு வருவன்னு தெரியும், எப்படியாவது வந்து சேர்ந்தாப் போதும்னு இருந்தேன்"ங்கிறியா... அழுவுறியாடா?

வர முடியாதுடா. கோவில்பட்டிகிட்ட இருக்கேன். தாண்டிட்டேன். ஆமாடா, நீ நின்ன இடத்தைத் தாண்டித்தான். நீ வீட்டுக்கே திரும்பிட்டியா?

என்ன சொல்ற? ஃபோன்லயா? பிள்ளை காதுல வைக்கிறியா? வேண்டாம்டா, அது... நேரம் இல்லையா. சரி. சரிடா. வையி.

இருங்க தங்கச்சி, அந்த ஜன்னலைச் சாத்துங்க. கண்டக்டர், பாட்டை நிறுத்தச் சொல்லுங்க.

இளம்பரிதி.

கேக்குதாடா? சத்தமாச் சொல்லணுமா? இளம்பரிதி... லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான், அது கணக்குல சேருமா? சேருமா. இளம்பரிதி. அத்தை பேசறேன்டா கண்ணு. உங்க அத்தை.

சிணுங்குறான். கேட்டுச்சா உங்களுக்கு? பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். ம்... சரிடா. தொட்டில்ல இந்திராணி போடட்டும். சரி. வையி.

வச்சுட்டான்.

முதல் தடவையா ஒரு பேரு அந்தப் பிள்ளை காதுல விழுது, ஃபோன்ல இருந்து விழுது. நான் ஒரு தடவைகூடத் தூக்கலைங்க அவனை. இந்தச் சட்டை சரியா இருக்குமான்னுகூடத் தெரியாது, எவ்வளவு பெரிசா இருக்கான்னு பார்க்கலை நான். பரவாயில்ல, முந்தானை இருக்கு, தொடைச்சுக்கிறேன்.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அவன் பேச்சைக் கேட்டு ஃபோனை வீட்டுல வச்சுட்டு வந்திருந்தா என் கதி என்ன ஆயிருக்கும்? பிள்ளைக்குப் பேரே வச்சிருக்க முடியாதுல்ல?

சரி, அதை விடுங்க. நான் பேரு சொன்னப்ப உங்க ஃபோன் உங்க கையிலதான இருந்துச்சு? எடுத்தீங்களா? எடுக்கலையா? ஏங்க, முன் சீட்டுல இருக்கிற சார், நீங்க எடுத்தீங்களா? கண்டக்டர்? இத்தனை பேரு பஸ்ல இருந்தும், ஒருத்தருக்குமா தோணலை?